அரிசோனாவில் பாலைவன ஆமையைத் தத்தெடுத்துக் குறைந்த செலவில் வளர்க்க முடியுமா?

கேள்வி: சாண்ட்லர் அம்மா

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் அரிசோனா மாநிலத்தில், பீனிக்ஸ் நகரை ஒட்டிய சாண்ட்லரில் ஆறு ஆண்டுகளாக வசித்து வருகிறோம். ஒன்பது வயதாகும் எங்கள் மகள், ஓராண்டாக ஆமை ஒன்று வளர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அது வெறும் பிடிவாதம் அல்ல. நூலகத்திலிருந்து ஆமைகளைப் பற்றிய புத்தகங்களை எடுத்து வந்து படித்துக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறாள் என்பதால் அவளுடைய விருப்பத்தை நானும் மதிக்கிறேன்.

வீட்டில் என் கணவர் ஒருவருடைய வருமானம் மட்டுமே உள்ளது. தொடக்கச் செலவுக்கு 200 டாலரும், அதன் பிறகு மாதத்திற்கு 15 அல்லது 20 டாலரும் ஒதுக்க முடியும். அதற்கு மேல் வாக்குக் கொடுத்தால் அது பொய்யாகிவிடும். பின்புறத்தில் சிறிய முற்றம் ஒன்று இருக்கிறது. மூன்று பக்கமும் ஹாலோ பிளாக் சுவர், ஒரு பக்கம் இரும்புக் கம்பிக் கதவு. நீச்சல் குளமோ நாயோ கிடையாது.

கணவருடன் பணிபுரியும் ஒருவர், உள்ளங்கை அளவுள்ள சல்காட்டா ஆமைக் குஞ்சு ஒன்றை இலவசமாகவே தருவதாகச் சொல்கிறார். அதே நேரத்தில், மாநில வனவிலங்குத் துறை பாலைவன ஆமைகளைத் தத்துக் கொடுப்பதாகவும் கேள்விப்பட்டேன். இரண்டில் எது எங்கள் நிலைக்குப் பொருந்தும்? கடையில் விசாரித்தபோது கண்ணாடித் தொட்டி, வெப்ப விளக்கு, புற ஊதா விளக்கு என்று அவர்கள் சொன்ன பட்டியலே எங்கள் தொகையைத் தாண்டிவிட்டது. அவையெல்லாம் உண்மையிலேயே தேவையா? அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று மாமியார் தொலைபேசியில் மிகவும் வருந்துகிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது என்பதும் எனக்குத் தெரியவில்லை.

பதில்: மேசா தோட்டக்காரர்

வணக்கம் சகோதரி. பதினொரு ஆண்டுகளாகச் சொனோரப் பாலைவன ஆமை ஒன்று எங்கள் வீட்டு முற்றத்தில் வாழ்கிறது. அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில், அந்தச் சல்காட்டாக் குஞ்சை அன்போடு மறுத்துவிடுங்கள். சல்காட்டா ஆப்பிரிக்காவில் சகாராவின் தென்விளிம்பில் வாழும் இனம். உலகில் தரையில் வாழும் ஆமைகளில் மிகப் பெரிய மூன்று இனங்களுள் அது ஒன்று. இன்று உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு, வளர்ந்த பிறகு 45 கிலோவையும் தாண்டக்கூடும். அது பல அடி ஆழத்திற்கு வளை தோண்டும், சுவரின் அடித்தளத்தையே அசைக்கும், ஒரு முற்றத்துப் புல் முழுவதையும் தின்றுவிட்டு மேலும் கேட்கும். குளிர்கால உறக்கம் அதற்கு இயல்பில் இல்லாததால், இங்கே டிசம்பர், ஜனவரி இரவுகளில் சூடாக்கப்பட்ட அறை அமைத்துக் கொடுக்க வேண்டும். அதன் மின்கட்டணமே உங்கள் மாதத் தொகையை விழுங்கிவிடும். இலவசமாகக் கிடைத்த குஞ்சுகள் வளர்ந்து பாரமாகிக் காப்பகங்களில் வந்து சேர்வது இந்த ஊரில் அன்றாடச் செய்தியாகிவிட்டது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப் போகிறது.

பாலைவன ஆமையின் கதை வேறு. அது இந்த மண்ணுக்கே உரியது. கொலராடோ ஆற்றுக்குக் கிழக்கேயும் தெற்கேயும் உள்ள சொனோரப் பாலைவனத்து ஆமைகள் தனி இனம் என்று 2011ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் வகைப்படுத்தினார்கள். நன்கு வளர்ந்த ஆமையின் ஓடு ஏறத்தாழ 25 முதல் 35 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். நம் கோடை வெயிலையும் குளிரையும் அதற்குக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. கடைக்காரர் சொன்ன விளக்குகள் எல்லாம் வீட்டுக்குள் அடைத்து வளர்க்கப்படும் ஆமைகளுக்கு உரியவை. வெளியில் வாழும் வளர்ந்த பாலைவன ஆமைக்குச் சூரியனே புற ஊதா விளக்கு. செலவு குறைவதற்கு அடிப்படைக் காரணம் இதுதான்.

இந்த ஆமையை விலைக்கு வாங்கவோ விற்கவோ, காட்டிலிருந்து எடுத்து வரவோ சட்டம் இடம் தரவில்லை. வீடுகளில் சட்டத்துக்குப் புறம்பாகக் குஞ்சு பொரிக்க விட்டவர்களும், வளர்க்க இயலாமல் போனவர்களும் ஒப்படைத்த ஆமைகளைத்தான் அரிசோனா மீன் மற்றும் வனவிலங்குத் துறை தத்துக் கொடுக்கிறது. விண்ணப்பத்துடன் முற்றத்தின் படங்களையும், அதற்காக நீங்கள் கட்டிய வளையின் படங்களையும் காட்ட வேண்டும். ஆகவே ஆமை வருவதற்கு முன்பே வீடு தயாராக இருக்க வேண்டும். இன்னொரு செய்தியையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: தத்தெடுத்த பிறகும் நீங்கள் அதன் உரிமையாளர் அல்லர், காப்பாளர் மட்டுமே.

செலவில் பெரும்பகுதி வளைக்குத்தான் போகும். எங்கள் வளையை நான் கட்டிய முறையைச் சொல்கிறேன். முற்றத்தில் தண்ணீர் தேங்காத, சற்று மேடான மூலையைத் தேர்ந்தெடுத்து, ஒன்றரை அடி ஆழத்திற்குச் சரிவாகத் தோண்டினேன். இரு பக்கமும் பின்பக்கமும் ஹாலோ பிளாக்குகளை அடுக்கி, அவற்றின் துளைகளில் மண்ணை நிரப்பினேன். மேலே முக்கால் அங்குலத் தடிமனுள்ள ப்ளைவுட் பலகையை வைத்துத் தார்ப்பாய் விரித்து, அதன் மீது ஓர் அடி உயரத்திற்கு மண்ணைக் கொட்டி இறுக்கினேன். உள்ளே தரை வெறும் மண்தான். மீதியை ஆமையே தனக்கு ஏற்றபடி தோண்டிக்கொண்டது. வாயில் மேற்கு வெயிலைப் பார்க்காமல் இருப்பது முக்கியம். வெப்பமானி ஒன்றை ஜூன் மாதப் பிற்பகலில் உள்ளே வைத்துப் பாருங்கள்; 95 பாரன்ஹீட்டுக்கு மேல் காட்டினால் மேலே இன்னும் மண் வேண்டும் என்று பொருள். புதிதாக வாங்கிய பலகைக்கும் பிளாக்குகளுக்கும் சேர்த்து எனக்கு 120 டாலருக்குள் முடிந்தது. வீடு இடித்த இடத்தில் மீந்த பிளாக்குகளைக் கேட்டு வாங்கினால் அதுவும் குறையும்.

உங்கள் இரும்புக் கம்பிக் கதவு எனக்குக் கவலை தருகிறது. கம்பிகளின் இடைவெளி வழியாக வெளியே பார்க்க முடிந்தால், ஆமை நாள் முழுவதும் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். தலை சிக்கிக்கொள்ளவும் கூடும். கீழே இரண்டடி உயரத்திற்குப் பலகை அடித்து மறைத்துவிடுங்கள். கதவுக்கும் தரைக்கும் இடையே உள்ள இடைவெளியையும் பிளாக் வைத்து அடைத்துவிடுங்கள்.

மாமியாரிடம், ஆமை வீட்டுக்குள் புகவில்லை, தோட்டத்தில் தனக்கென்று வேறு வீடு கட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லுங்கள். என் தாயாரும் அதையேதான் சொல்லி வருந்தினார்; பிறகு இங்கே வந்து தங்கியிருந்த மூன்று மாதங்களும் காலையில் அதற்குச் செம்பருத்திப் பூ பறித்துப் போட்டவரும் அவரே.

பதில்: டூசான் செவிலி

நான் டூசானில் விலங்கு மருத்துவமனை ஒன்றில் உதவியாளராகப் பணிபுரிகிறேன். மேலே ஐயா சொன்னதோடு உணவையும் உடல்நலத்தையும் பற்றிச் சேர்த்துச் சொல்கிறேன், ஏனெனில் எங்களிடம் வரும் ஆமைகளில் பலவற்றின் நோய்க்கு வேர் தவறான உணவும் தண்ணீர்ப் பற்றாக்குறையும்தான்.

இங்கே புல்தரைகளில் வளரும் பெர்முடா புல், நாம் பிள்ளையாருக்குச் சாற்றும் அருகம்புல்லேதான். பாலைவன ஆமைக்கு அதுவே சோறு. பூச்சிக்கொல்லியோ களைக்கொல்லியோ படாத ஒரு பாத்தி அருகம்புல் இருந்தால் உணவுச் செலவில் பெரும்பங்கு தீர்ந்துவிடும். அதனுடன் சப்பாத்திக்கள்ளியின் மடலும் பழமும், செம்பருத்தியின் பூவும் இலையும், இந்தப் பாலைவனத்தில் தானாக முளைக்கும் குளோப்மாலோ செடியும் போதுமானவை. முள் இல்லாத சப்பாத்திக்கள்ளியின் ஒரு மடலை அண்டை வீட்டில் கேட்டு வாங்கிச் சில நாள் காயவிட்டு நட்டால், அது வேர்பிடித்துத் தானே பெருகும். மெக்சிகோ மளிகைக் கடைகளிலும் அதன் மடல்கள் மலிவாகக் கிடைக்கும்.

கொடுக்கக் கூடாதவற்றைச் சொல்கிறேன். நாய், பூனைத் தீனியில் உள்ள மிகையான புரதம் அதன் உடலுக்கு ஆகாது. இனிப்பான பழங்கள் அதன் குடலுக்கு ஒவ்வாதவை. பசலை போன்ற ஆக்சலேட் மிகுந்த கீரைகளை வழக்கமாகக் கொடுக்க வேண்டாம். ஐஸ்பெர்க் லெட்டூஸில் தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. அன்பு மிகுதியால் சோறும் தயிரும் வைத்த ஒரு குடும்பத்தை நான் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வைக்காதீர்கள்.

உங்கள் முற்றத்திலோ பக்கத்து வீட்டு வேலியிலோ அரளி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பீனிக்ஸ் முழுவதும் அழகுக்காகவும் மறைப்புக்காகவும் நட்டு வைத்திருப்பது செவ்வரளியும் வெள்ளரளியும்தான். அதன் நஞ்சைப் பற்றி நம்மவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுவருக்கு அப்பாலிருந்து உதிரும் ஓர் இலையும் பூவும்கூட ஆமைக்கு ஆபத்து.

தண்ணீருக்காகக் கடையில் எதையும் வாங்க வேண்டாம். பூந்தொட்டியின் அடியில் வைக்கும் அகலமான மண்தட்டை, விளிம்பு தரை மட்டத்தில் இருக்கும்படி புதைத்து வைத்தால், ஆமை தானே இறங்கி நனைந்து குடிக்கும். பாலைவன ஆமை தன் சிறுநீர்ப்பையில் நீரைச் சேமித்து வைத்து வறண்ட மாதங்களைக் கடக்கிறது. பயந்தால் அந்த நீரை வெளியேற்றிவிடும். ஆகவே குழந்தை அதை அடிக்கடி தூக்கி விளையாடக் கூடாது என்பதை முதல் நாளிலிருந்தே சொல்லிப் பழக்குங்கள். தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கைகழுவுவதும் கட்டாயம். ஆமைகளின் உடலில் சால்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். நான்கு அங்குலத்திற்கும் குறைவான ஓடுள்ள ஆமைகளை விற்பதற்கு அமெரிக்க அரசு 1975இல் தடை விதித்ததே குழந்தைகளுக்கு அந்த நோய் பரவியதால்தான்.

பணத்தைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும். மாதச் செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லாமல் போகும் மாதங்கள் பல வரும். அந்த 15 டாலரைச் செலவழிக்காமல் தனியே சேர்த்து வையுங்கள். மூக்கில் சளி ஒழுகுவது, கண் இமை வீங்குவது, வெயில் காலத்தில் பல நாள் உண்ணாமல் இருப்பது ஆகியவை தென்பட்டால், ஊர்வனவற்றைப் பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் உடனே கொண்டுசெல்ல வேண்டும். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் ஆமையைப் பார்ப்பதில்லை, பார்ப்பவர்களின் கட்டணமும் கூடுதலாகவே இருக்கும். சிறுநீர்ப்பையில் கல் உருவாகி அறுவைசிகிச்சை வரை போனால், நீங்கள் ஓராண்டு சேர்த்த பணமும் போதாது. செலவுக்கு அஞ்சிக் காலம் தாழ்த்திய பிறகு கொண்டுவரப்படும் ஆமைகளைக் கையில் ஏந்தும்போது எனக்கு ஏற்படும் வேதனையை எழுத்தில் சொல்ல முடியவில்லை.

சாண்ட்லர் அம்மா

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. அருகம்புல் என்று படித்ததும் மகள் ஓடிப்போய் ஒரு கொத்துப் பறித்து வந்து என்னிடம் காட்டினாள். பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டி வெள்ளரளி இருக்கிறது. அவர்களிடம் பேச வேண்டும்.

எனக்கு இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. ஒவ்வோர் ஆண்டும் ஜூன், ஜூலையில் ஐந்து வாரங்கள் ஊருக்குப் போகிறோம். அப்போது என்ன செய்வது? அடுத்து, நாங்கள் வேலை விசாவில் இருக்கிறோம். வேறு மாநிலத்திற்கு மாற நேர்ந்தால் ஆமையை உடன் கொண்டுசெல்லலாமா?

பதில்: முன்னாள் கில்பர்ட் வாசி

இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறது என்று நினைக்கிறேன், ஏனெனில் நான் அந்த இடத்தில் நின்றிருக்கிறேன். கொண்டுசெல்ல முடியாது. பாலைவன ஆமையை அனுமதியின்றி அரிசோனா எல்லையைத் தாண்டி எடுத்துச் செல்வது சட்டவிரோதம். நாங்கள் சாண்ட்லரை அடுத்த கில்பர்டில் இருந்தபோது ஆறு ஆண்டுகள் ஓர் ஆமையை வளர்த்தோம். கணவருக்குத் திடீரென்று டெக்சாஸில் வேலை மாற்றம் வந்தது, கிளம்புவதற்குக் கிடைத்தவை மூன்று வாரங்கள்.

அக்கம்பக்கத்தில் ஒருவர், பாலைவனம் அதன் பிறந்த வீடுதானே, மலையடிவாரத்தில் விட்டுவிடுங்கள் என்றார். அதை ஒருபோதும் செய்யக் கூடாது. வீட்டில் வளர்ந்த ஆமைகள் சுவாச நோய்க் கிருமியைக் காட்டு ஆமைகளுக்குப் பரப்பக்கூடும். வளையோ நீரிருக்கும் இடமோ தெரியாத புதிய நிலத்தில் அதுவும் பிழைப்பது அரிது. தத்துக் கொடுத்த திட்டத்திடமே திருப்பி ஒப்படைத்தோம். அங்கிருந்தவர்கள் எங்களைக் குறை சொல்லவில்லை, வேறு குடும்பத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொன்னார்கள். ஆனால் ஏழு வயதான என் மகன் அன்றிரவு முழுவதும் அழுதான். அட்டைப் பெட்டியிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தபோது அது கழுத்தை நீட்டிச் சுற்றிலும் பார்த்தது இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

இந்த ஆமைகள் 50 முதல் 80 ஆண்டுகள் வரை வாழக்கூடியவை. உங்களைத் தடுப்பதற்காக இதைச் சொல்லவில்லை, சகோதரி. விசாவில் இருப்பவர்கள் வளர்க்கவே கூடாது என்றும் சொல்ல மாட்டேன், ஏனெனில் அந்த ஆறு ஆண்டுகளும் அது எங்களிடம் நன்றாகவே வாழ்ந்தது. பணத்தைக் கணக்கிடுவதற்கு முன், இன்னும் எத்தனை ஆண்டுகள் சாண்ட்லரில் இருப்போம் என்று கணவரும் நீங்களும் உட்கார்ந்து பேசுங்கள். பிரிய நேரலாம் என்பதை மகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நாங்கள் சொல்லவில்லை.

மேசா தோட்டக்காரர்

கில்பர்ட் சகோதரி சொன்னதை நான்தான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். பதினொரு ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்துவிட்டதால் அது என் நினைவுக்கே வரவில்லை.

பயணத்தைப் பற்றிச் சொல்கிறேன். பாலைவன ஆமை அக்டோபர் இறுதியிலோ நவம்பரிலோ வளைக்குள் போனால் மார்ச் வரை உறங்கும். அந்த மாதங்களில் அதற்கு உணவு வேண்டாம். மழைநீர் வளைக்குள் புகாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஆகவே ஊருக்குப் போக ஏற்ற காலம் மார்கழி. விமானக் கட்டணம் அப்போது கூடுதலாக இருக்கும் என்பதையும், பள்ளி விடுமுறை குறைவு என்பதையும் அறிவேன். கோடையிலேயே போக வேண்டுமென்றால் நம்பிக்கையான ஒருவர் நாள்தோறும் வந்து தண்ணீர்த் தட்டை நிரப்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஜூன் நடுவில் தொடங்கி செப்டம்பர் வரை நீடிக்கும் பருவமழைக் காலத்தில்தான் அது மிகவும் சுறுசுறுப்பாக உலவும். புழுதிக் காற்றோடு மழை கொட்டிய மறுநிமிடமே வளையை விட்டு வெளியே வந்து தேங்கிய நீரில் முகம் புதைத்துக் குடிக்கும். ஓராண்டாவது அந்தக் காட்சியை மகள் பார்க்கும்படி இங்கே இருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

துணைக்கு இன்னோர் ஆமை வேண்டும் என்று பின்னாளில் தோன்றினால் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். இவை தனித்து வாழ்பவை. இரண்டு ஆண்கள் ஒன்றையொன்று கவிழ்த்துப் போட்டுச் சண்டையிடும். ஆணும் பெண்ணும் சேர்ந்தால் குஞ்சுகள் பெருகும். அதைத்தான் சட்டம் தடுக்கிறது.

பதில்: நெல்லை வாசகர்

இங்கே தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்காக ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். இதைப் படித்துவிட்டு நட்சத்திர ஆமை ஒன்றை வாங்கி வளர்க்கலாம் என்று எவரும் எண்ண வேண்டாம். நம் நாட்டில் அப்படிப்பட்ட தத்துத் திட்டம் கிடையாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2022இல் செய்யப்பட்ட திருத்தத்திற்குப் பிறகு நட்சத்திர ஆமை, மிக உயர்ந்த பாதுகாப்புக்குரிய உயிரினங்களின் பட்டியலான முதல் அட்டவணையில் உள்ளது. பன்னாட்டு வணிகத்தையும் 2019 முதல் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தம் (CITES) தடை செய்திருக்கிறது. செல்வம் பெருகும் என்று நம்பி வீட்டில் வைத்திருப்பவர்களும் குற்றவாளிகளே. தண்டனை மூன்று முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறை. எங்கள் பக்கத்துத் தேரிக்காட்டு ஓரங்களிலும் புதர்க்காடுகளிலும் வாழும் அந்த உயிர்கள், பெட்டிகளில் அடைபட்டு விமான நிலையங்களில் பிடிபடும் செய்தியைப் படிக்கும்போது நெஞ்சு பதறுகிறது. வழியில் கண்டால் அங்கேயே விட்டுவிடுங்கள். யாரிடமாவது அடைபட்டிருந்தால் வனத்துறைக்குத் தெரிவியுங்கள்.

சாண்ட்லர் அம்மா

மூன்று நாட்களாகக் கணவரும் நானும் இதையேதான் பேசினோம். எங்கள் விசா நிலவரப்படி இன்னும் நான்கு ஆண்டுகளாவது இங்கேதான் இருப்போம் என்று நினைக்கிறோம். அதற்கு அப்பால் உறுதி இல்லை. மகளிடம் கில்பர்ட் சகோதரியின் பதிலை நானே படித்துக் காட்டினேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்துவிட்டு, நாம் போனாலும் அது இந்த ஊரிலேயே இருக்கும் அல்லவா, அதற்கு வேறு வீடு கிடைக்கும் அல்லவா என்று கேட்டாள். ஆம் என்றேன்.

சல்காட்டாவை வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். இந்தக் குளிர்காலத்தில் வளையைக் கட்டி முடித்து, ஆமைகள் விழிக்கும் பருவத்தில் விண்ணப்பிக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். பக்கத்து வீட்டுப் பெரியவர் அரளியைத் தானே வெட்டிவிடுவதாகச் சொன்னார். வரும் ஆண்டு ஊர்ப் பயணமும் டிசம்பருக்கு மாறுகிறது. ஐயா, கடைசியாக ஒரு கேள்வி: வளையின் வாயில் எவ்வளவு அகலம் இருக்க வேண்டும்? எந்த அளவுள்ள ஆமை வரும் என்று தெரியாமல் எப்படிக் கட்டுவது?

மேசா தோட்டக்காரர்

வளர்ந்த ஆமை உள்ளே திரும்பி வெளியே வர வேண்டும் என்பதை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள், சகோதரி. வாயில் ஒன்றரை அடி அகலமும் ஓர் அடி உயரமும், உள்நீளம் நான்கு அடியும் இருந்தால் எந்த அளவுள்ள ஆமைக்கும் போதும். சிறியது வந்தால் வாயிலில் ஒரு பிளாக்கைச் சேர்த்துக் குறுக்கிக்கொள்ளலாம். பலகையை வைப்பதற்கு முன், தோட்டக் குழாயைத் திறந்து அந்த மூலையில் அரை மணி நேரம் தண்ணீர் விட்டுப் பாருங்கள். நீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது தெரிந்த பிறகு மண்ணைக் கொட்டுங்கள். பிளாக்குகள் என்னிடம் பத்துப் பன்னிரண்டு மீந்து கிடக்கின்றன. வந்து எடுத்துக்கொள்வதானால் தனிச்செய்தி அனுப்புங்கள்.